வக்கீல் எந்தப் பக்கம்? அமெரிக்க ஃபெடரல் சட்டப்பணி பற்றி வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்திய வக்கீல் சில வருடத்தில் தனியார் சட்ட நிறுவனத்துக்குப் போகிறார். அங்கிருந்து மறுபடி அரசுக்கே வருகிறார். இந்தப் போக்குவரத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: யு.எஸ். அட்டர்னி என்பவர் நம்ம ஊர் சி.பி.ஐ. அதிகாரி மாதிரியா, அரசு வக்கீல் மாதிரியா?
— வாசகர், கரூர்

வக்கீல்தான். ஆனால் நம் ஊரில் புலனாய்வு ஏறக்குறைய முடிந்த பிறகுதான் அரசு வக்கீலின் வேலை சூடு பிடிக்கும். அங்கே முதல் வாரத்திலேயே அவர் உள்ளே வந்துவிடுவார். எஃப்.பி.ஐ., போதைத் தடுப்புத் துறை, வருமான வரிப் புலனாய்வு, தபால் துறையின் ஆய்வாளர்கள் எனப் பலரும் தகவலைக் கொண்டுவருவார்கள். சோதனை வாரன்டா, வங்கிக்கு சம்மனா, தொலைபேசி ஒட்டுக்கேட்பா என்ற முடிவுகளில் வக்கீலின் கை இருக்கும். பிறகு 16 முதல் 23 குடிமக்கள் கொண்ட கிராண்ட் ஜூரி முன் சாட்சியத்தை வைப்பார். 12 பேர் சம்மதித்தால் குற்றச்சாட்டு பதிவாகும். அந்த அறையில் நீதிபதியும் கிடையாது, எதிர்த்தரப்பு வக்கீலும் கிடையாது.

நாடு முழுக்க 94 ஃபெடரல் (அதாவது மத்திய அரசின்) நீதிமன்ற மாவட்டங்கள், ஆனால் யு.எஸ். அட்டர்னிகள் 93 பேர். குவாமுக்கும் வட மரியானா தீவுகளுக்கும் சேர்த்து ஒருவரே. ஜனாதிபதி நியமிக்கிறார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புதல் தருகிறது, பதவிக்காலம் நான்கு ஆண்டு. இடையில் ஜனாதிபதி நீக்கவும் செய்யலாம். கோர்ட்டில் நின்று வழக்கை நடத்துபவர்கள் பெரும்பாலும் அவருக்குக் கீழே உள்ள அசிஸ்டென்ட் யு.எஸ். அட்டர்னிகள். கீழே வரும் பதில்களில் 'உதவி அட்டர்னி' என்றால் இவர்கள்தான்.

கேள்வி: என் மகள் அங்கேயே பிறந்தவள். சட்டம் படித்து, நியூயார்க்கில் ஒரு பெரிய நிறுவனத்தில் மூன்றாவது வருடம். உதவி அட்டர்னி ஆக வேண்டும் என்கிறாள். என்னென்ன தேவை? சம்பளம் குறையுமாமே?
— வாசகி, தஞ்சாவூர்

குறையும், அதுவும் நன்றாகவே. பெரிய நிறுவனங்களில் 2024இல் முதல் வருட வக்கீலுக்கே அடிப்படைச் சம்பளம் 2,25,000 டாலர். பல வருட அனுபவத்தோடு அரசுக்குப் போகிறவர் அதைவிடக் குறைவாகத்தான் வாங்குவார். போனஸ் கனவும் வேண்டாம். படிப்புக் கடன் இருந்தால் மட்டும் ஒரு ஆறுதல் உண்டு: அரசுப் பணியில் இருந்துகொண்டு தகுதியான திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டி முடித்தால் மீதி தள்ளுபடியாகும்.

காகிதத்தில் தகுதி எளிது. அமெரிக்கக் குடியுரிமை, ஏதேனும் ஒரு மாநிலத்தில் நடப்பில் உள்ள வக்கீல் உரிமம், பட்டத்துக்குப் பின் குறைந்தது ஓராண்டு அனுபவம். நடைமுறையில் பெரிய அலுவலகங்கள் அதைவிடக் கூடுதலாகவே எதிர்பார்க்கும். ஃபெடரல் நீதிபதியிடம் 'லா கிளர்க்'காக இருந்திருந்தால் நல்லது. (நம் ஊர் குமாஸ்தா வேலை அல்ல இது. நீதிபதிக்கு ஆய்வு செய்து, தீர்ப்பு வரைவு எழுதித் தரும் பணி.) சேர்ந்தால் இத்தனை ஆண்டு இருப்பேன் என்ற வாக்குறுதியைப் பல அலுவலகங்கள் கேட்கும். மூன்று ஆண்டு சகஜம். குடியிருப்பு அந்த மாவட்டத்துக்குள்ளோ, அதிலிருந்து 25 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் நேர்முகத் தேர்வு அல்ல, பின்னணிச் சோதனை. எஸ்.எஃப்.-86 என்ற நீண்ட படிவத்தில் பத்து வருட முகவரிகள், பத்து வருட வேலைகள், ஏழு வருட வெளிநாட்டுப் பயணங்கள், வெளிநாட்டில் உள்ள நெருங்கிய உறவினர்கள், வெளிநாட்டுச் சொத்து எல்லாம் கேட்பார்கள். இப்போது நீங்கள் கொஞ்சம் யோசியுங்கள். மகள் பெயரைச் சேர்த்துத் தஞ்சாவூர் வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருக்கிறீர்களா? பெரியப்பா எழுதிவைத்த மனையில் அவள் பெயர் உண்டா? வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும், எஃப்பார் எனப்படும் அறிக்கையை அவள் அமெரிக்கக் கருவூலத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். வட்டியை அங்கே வருமானமாகக் காட்டியிருக்க வேண்டும். பாசத்தில் போட்ட டெபாசிட் வரி ஒழுங்கீனமாகப் படிவத்தில் வந்து நிற்கும். தப்பு நடந்திருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே வரி ஆலோசகரை வைத்து விடுபட்ட அறிக்கைகளைத் தாக்கல் செய்யுங்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு செய்தால் கதை வேறு. உறவினர்கள் இந்தியாவில் இருப்பது மட்டுமே யாரையும் தள்ளிவிடாது. எழுதாமல் விட்டதுதான் பெரும்பாலும் தள்ளும்.

இன்னொன்று. கஞ்சா சில மாநிலங்களில் சட்டபூர்வம் என்பதை ஃபெடரல் அரசு கணக்கில் எடுக்காது. மகளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்னையில் பி.எல். முடித்தவன் நான். நேரடியாக ஃபெடரல் பிராசிக்யூட்டர் ஆக முடியுமா?
— வாசகர், வேலூர்

நேரடியாக முடியாது. நியூயார்க் மாநிலத்தில் உங்கள் படிப்பின் கால அளவையும் பாடங்களையும் தேர்வு வாரியத்திடம் முன்கூட்டியே மதிப்பிடச் சொல்லலாம். அவர்கள் குறை சொன்னால், அங்கே குறைந்தது 24 கிரெடிட் கொண்ட எல்.எல்.எம். ஒரு வழி. அப்புறம் 'பார்' எனப்படும் வக்கீல் உரிமத் தேர்வில் 266 மதிப்பெண், தொழில் நெறித் தேர்வில் 85, 50 மணி நேர இலவசச் சட்டப்பணி. இதெல்லாம் முடித்தால் வக்கீல் ஆகலாம். உதவி அட்டர்னிக்குக் குடியுரிமை வேண்டும். அது கிரீன் கார்டு வாங்கி, பொதுவாக ஐந்து ஆண்டு கழித்துக் கேட்கிற விஷயம். இடைப்பட்ட காலத்தில் தனியார் நிறுவனத்தில் குற்றத் தற்காப்புப் பிரிவில் பழகலாம். அந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு.

கேள்வி: பெரிய பதவியில் இருந்தவர் மறுபடி சாதாரண வக்கீலாகப் போவது கௌரவக் குறைச்சல் இல்லையா?
— வாசகர், நாகர்கோவில்

எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் ராபர்ட் மல்லரின் வேலை வரலாறு உங்களுக்கான பதில். 1973இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம். சான்பிரான்சிஸ்கோவில் தனியார் நிறுவனத்தில் மூன்று வருடம். 1976இல் அங்கேயே உதவி அட்டர்னி, பிறகு பாஸ்டனில். 1988இல் பாஸ்டனின் ஒரு தனியார் நிறுவனம். மறு வருடமே வாஷிங்டன், நீதி அமைச்சகம். 1990இல் அங்கே குற்றவியல் பிரிவின் தலைமை. லாக்கர்பி விமான குண்டுவெடிப்பும் பனாமாவின் முன்னாள் ஆட்சியாளர் நோரியேகா மீதான வழக்கும் அவர் பார்வையில் நடந்தவை. 1993இல் ஹேல் அண்டு டார் என்ற பாஸ்டன் நிறுவனத்தில் பங்குதாரர்.

இங்கேதான் நீங்கள் கேட்கிற கௌரவம் வருகிறது. 1995இல் அந்த வருமானத்தை விட்டுவிட்டு வாஷிங்டன் நகரில் கொலை வழக்குகளை நடத்தும் வக்கீலாகச் சேர்ந்தார். நாடு முழுவதற்கும் குற்றவியல் பிரிவை நடத்தியவர், தெருச் சண்டையில் சுடப்பட்டவர்களின் கோப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். 1998இல் வட கலிஃபோர்னியாவின் யு.எஸ். அட்டர்னி. 2001 செப்டம்பர் 4 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநராகப் பொறுப்பேற்றார், ஒரே வாரத்தில் இரட்டைக் கோபுரம் விழுந்தது. இயக்குநர் பதவி பத்து வருடம். அவருக்கு மட்டும் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தனிச்சட்டம் போட்டு இரண்டு வருடம் நீட்டியது. 2014இல் வில்மர்ஹேல் நிறுவனம். அது வேறொன்றும் இல்லை, பழைய ஹேல் அண்டு டார் 2004இல் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து எடுத்த பெயர். 2017 மே மாதம், 2016 ஜனாதிபதி தேர்தலில் ரஷ்யத் தலையீட்டை விசாரிக்கும் சிறப்பு ஆலோசகர். 2019 மே இறுதியில் அது முடிந்தது. திரும்பவும் அதே நிறுவனம்.

சிறப்பு ஆலோசகரை அரசுக்கு வெளியே இருந்துதான் எடுக்க வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. அப்போது கண்ணில் படுபவர் யார்? அரசில் இருந்து, வெளியே போய், வேலை மறக்காதவர். ஆக, இந்தப் போக்குவரத்தை அமெரிக்க அமைப்பு சகித்துக்கொள்கிறது என்பதைவிட, அதை நம்பியே சில நாற்காலிகளைச் செய்து வைத்திருக்கிறது என்பதே சரி. அதில் சங்கடமும் உண்டு. மல்லரின் நிறுவனம் டிரம்ப்பின் மருமகன் ஜாரட் குஷ்னருக்கும், டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத்தை நடத்திய பால் மேனஃபோர்ட்டுக்கும் வக்கீலாக இருந்தது. இவர் அந்த வழக்குகளைத் தொடாதவர் என்றாலும், நீதி அமைச்சகத்தின் நெறிமுறை அதிகாரிகள் பரிசீலித்து அனுமதித்த பிறகே பணி தொடர்ந்தது.

கேள்வி: ராஜ் ராஜரத்தினம் வழக்கில் இரண்டு பக்க வக்கீல்களும் முன்னாள், இந்நாள் அரசு வக்கீல்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— வாசகர், யாழ்ப்பாணம்

உண்மை. கொழும்பில் பிறந்த தமிழரான ராஜரத்தினம் கேலியன் என்ற முதலீட்டு நிறுவனத்தை நடத்தியவர். உள்விவர வணிகம் (கம்பெனிகளின் வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது) என்ற குற்றச்சாட்டில் 2009 அக்டோபர் 16 அன்று கைது. நியூயார்க் தென் மாவட்ட யு.எஸ். அட்டர்னியாக அப்போது இருந்தவர் பஞ்சாபின் ஃபிரோஸ்பூரில் பிறந்த பிரீத் பராரா. அவரும் தனியார் நிறுவனங்களில் தொடங்கி உதவி அட்டர்னி ஆனவர். 2022இல் சேர்ந்தது, மேலே சொன்ன அதே வில்மர்ஹேல். ராஜரத்தினத்தின் தலைமை வக்கீல் ஜான் டவுட், 1970களில் நீதி அமைச்சகத்தில் திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்கு எதிரான படையை நடத்தியவர்.

வழக்கின் உயிர்நாடி ஒட்டுக்கேட்ட பேச்சுகள். மாஃபியாவுக்கும் போதைக் கடத்தலுக்கும் பயன்பட்ட ஆயுதத்தைப் பங்குச்சந்தை உள்விவர வணிகத்தின் மேல் பெரிய அளவில் திருப்பியது இந்த வழக்குதான். 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதி ஒருமுறை தரும் அனுமதி அதிகபட்சம் 30 நாள். 'மற்ற வழிகளை முயன்று பார்த்தோம், பலிக்கவில்லை' என்று மனுவில் விளக்க வேண்டும். டவுட் தரப்பு குத்தியது இந்த இடத்தில். பங்குச்சந்தை ஆணையம் ஏற்கெனவே ஆவணங்களைக் குவித்து, ராஜரத்தினத்தையே விசாரித்திருந்ததை மனுவில் மறைத்தீர்களே என்றார்கள். நீதிபதி ஹால்வெல் அரசைக் கண்டித்தார். ஆனால் அந்த விவரத்தைச் சேர்த்திருந்தாலும் அனுமதி கிடைத்திருக்கும் என்று பதிவுகளை அனுமதித்தார். அரசுத் தரப்பு மனு எப்படி எழுதப்படும் என்று உள்ளே இருந்து தெரிந்தவருக்குத்தான் எங்கே குத்த வேண்டும் என்பதும் தெரியும். இந்த முறை கத்தி ஆழமாக இறங்கவில்லை, அவ்வளவே. 2011 மே 11 அன்று 14 குற்றச்சாட்டிலும் குற்றவாளி, அக்டோபரில் 11 ஆண்டு சிறை. 2013இல் மேல்முறையீடும் தோற்றது.

இதன் கிளை வழக்கு இன்னும் வேடிக்கை. ராஜரத்தினத்துக்கு உள்விவரம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட, மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரஜத் குப்தாவுக்கு வாதாடிய கேரி நஃப்டாலிஸ் அதே தென் மாவட்ட அலுவலகத்தின் பழைய உதவி அட்டர்னி. தீர்ப்பளித்த நீதிபதி ராகாஃபும் அப்படியே. எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம். குப்தாவுக்கு 2 ஆண்டு சிறை கிடைத்தது, ஆகவே பழைய மாணவர் சங்கம் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: நேற்று வரை குற்றம் சாட்டியவர் இன்று அதே ஆளுக்கு வாதாடலாமா? தடுக்க எதுவும் இல்லையா?
— வாசகி, கோயம்புத்தூர்

அதே வழக்கில் முடியாது. வேலி ஒன்றல்ல, பல அடுக்கு.

தானே முக்கியப் பங்கெடுத்த குறிப்பிட்ட வழக்கில், வேறொருவருக்காக அரசை அணுகி வாதிட ஆயுள் தடை. தான் நேரடியாகத் தொடாமல், கடைசி ஓராண்டில் தன் பொறுப்பின் கீழ் இருந்த வழக்குகள் என்றால் இரண்டு ஆண்டு தடை. உயர் சம்பள மேல்நிலை அதிகாரிகள் தம் பழைய துறையை எந்த விஷயமாகவும் அணுக ஓராண்டு தடை. இவை குற்றவியல் சட்டம். தெரிந்தே மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தில் ஓட்டை ஒன்று உண்டு. அது தடுப்பது அரசிடம் போய்ப் பேசுவதை. அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து யோசனை சொல்வதை எல்லா இடத்திலும் தடுக்காது. அந்த ஓட்டையை வக்கீல் தொழில் நெறி விதி அடைக்கிறது: பழைய அரசு அலுவலகம் எழுத்தில் சம்மதிக்காமல் அந்த வழக்கில் வாதாடவே கூடாது. அவர் சேர்ந்த நிறுவனம் அந்த வழக்கை எடுக்க வேண்டுமானால் அவரை அதிலிருந்து முழுக்கத் தனிமைப்படுத்தி, அரசுக்கு எழுதித் தெரிவித்து, அந்தக் கட்டணத்தில் அவருக்குப் பங்கில்லாமல் செய்ய வேண்டும்.

பெரிய தவறுகளைவிடச் சின்னவையே ஆளைக் கவிழ்க்கும். எதிர்த்தரப்பு வக்கீலோடு வழக்கு நடக்கும்போதே அவர் நிறுவனத்தில் வேலை கேட்டுப் பேசுவது முதல் கண்ணி. பேச்சு தொடங்கும் முன்பே அந்த வழக்கிலிருந்து விலக வேண்டும். 'சும்மா காபி குடித்தோம்' என்பது எடுபடாது. இரண்டாவது, பங்குதாரராகச் சேர்ந்த முதல் வருட லாபம். அவர் அரசில் இருந்தபோது அந்த நிறுவனம் அரசின் முன் வாதாடிச் சம்பாதித்த பணத்தில் அவருக்குப் பங்கு போகக் கூடாது. கணக்காளருக்கு இதை முதல் நாளே எழுத்தில் சொல்ல வேண்டும். மூன்றாவது, பழைய குறிப்புகளையும் மாதிரி மனுக்களையும் பென் டிரைவில் எடுத்து வருவது. கிராண்ட் ஜூரி முன் நடந்தது வேலையை விட்ட பிறகும் ரகசியம்தான்; வெளியிட்டால் நீதிமன்ற அவமதிப்பு.

வழக்குகளைப் பொறுத்தவரை இந்த வேலி கெட்டி. மனப்போக்கைப் பொறுத்தவரை வேலியே இல்லை. நாளை எந்த நிறுவனத்தில் சேரலாம் என்ற நினைப்பு இன்று யார்மேல் கை வைப்பது என்ற முடிவைத் தொடுமா என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

கேள்வி: கம்பெனிகள் முன்னாள் பிராசிக்யூட்டருக்கு ஏன் கொட்டிக் கொடுக்கின்றன?
— வாசகர், ஈரோடு

பாம்பின் கால் பாம்பறியும். ஃபெடரல் தண்டனைகளில் நூற்றுக்கு 97 குற்ற ஒப்புதலால் வருபவை என்று 2012இல் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அதாவது ஆட்டம் கோர்ட்டில் அல்ல, குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே நடக்கிறது. அந்த நேரத்தில் அரசு வக்கீலின் மேலதிகாரி எந்தக் கேள்வி கேட்பார், எந்த ஆவணம் கண்டால் வழக்கைக் கைவிடுவார் என்று அறிந்தவருக்கே விலை.

நிறுவனத்துக்குள்ளேயே விசாரணை நடத்துவதும் இவர்களின் வேலை. அப்போது ஊழியர்களை விசாரிக்கும் முன், 'நான் கம்பெனியின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல. நீங்கள் சொல்வதைக் கம்பெனி விரும்பினால் அரசிடம் கொடுக்கும்' என்று சொல்ல வேண்டும். 1981ஆம் ஆண்டின் அப்ஜான் வழக்கிலிருந்து வந்த எச்சரிக்கை இது. ஐ.டி. நிறுவனத்தில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த வாக்கியத்தைக் கேட்டால், சிரித்துத் தலையாட்டாமல், தனி வக்கீல் தேவையா என்று அங்கேயே கேட்கட்டும்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கும் தம்பி வீட்டுக் கதவை எஃப்.பி.ஐ. தட்டியதாம். 'நமக்கு மடியில் கனமில்லை' என்று பேசிவிடலாமா?
— வாசகி, திருநெல்வேலி

கனமில்லாவிட்டாலும் வாய் தவறலாம். பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் கேட்பார், ஒருவர் குறிப்பெடுப்பார். வீட்டில் நடக்கும் பேச்சு வழக்கமாகப் பதிவு செய்யப்படாது. பிற்பாடு அவர்கள் எஃப்.டி.-302 படிவத்தில் எழுதுவதே சான்று. சத்தியம் செய்யாமல் சொன்ன முக்கியமான பொய்க்கும் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. விசாரித்த குற்றம் நிரூபணமாகாமல், விசாரணையில் சொன்ன பொய்க்கு மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

வாரன்ட் இல்லையென்றால் உள்ளே விட வேண்டியதில்லை, பேச வேண்டியதும் இல்லை. மரியாதையாக விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு 'என் வக்கீல் கூப்பிடுவார்' என்றால் போதும். வாரன்ட் இருந்தால் தடுக்காமல் நகல் கேட்கட்டும். ஃபோனில் எதையும் அழிக்கக் கூடாது. விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை தண்டனை.

வக்கீலின் முதல் கேள்வி உதவி அட்டர்னியிடம்: இவர் வெறும் சாட்சியா, விசாரணை வட்டத்தில் இருப்பவரா, குறியா? குறி என்றால், அரசிடம் கணிசமான சான்று இருக்கிறது, குற்றம் சாட்டும் எண்ணத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். 'ஒரு நாள் ராணி' என்று வக்கீல்கள் கேலியாகச் சொல்லும் ஒப்பந்தத்தோடு பேச அழைக்கலாம். அங்கே சொல்வதை நேரடிச் சான்றாகப் பயன்படுத்த மாட்டார்கள். ஆனால் அதிலிருந்து துப்பு பிடிப்பார்கள். பிறகு கோர்ட்டில் மாற்றிப் பேசினால் அதையே எடுத்து வீசுவார்கள். ராணி மறுநாள் ராணி அல்ல.

விசாவில் இருப்பவருக்குக் கூடுதல் கத்தி: 10,000 டாலருக்கு மேல் நஷ்டம் உண்டாக்கிய மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தல் ஏறக்குறைய நிச்சயம். குற்ற ஒப்புதலின் குடியேற்ற விளைவைச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே குற்றவியல் வக்கீலும் குடியேற்ற வக்கீலும் சேர்ந்து உட்கார்ந்த பிறகே கையெழுத்து.

கேள்வி: வக்கீல் எஃப்.பி.ஐ. ஏஜென்ட் ஆகலாமா?
— வாசகர், சிவகாசி

ஆகலாம். அந்த அமைப்பு ஒரு காலத்தில் சட்டம், கணக்கியல் படித்தவர்களையே தேடிப் பிடித்தது. 23 வயதாகியிருக்க வேண்டும், பொதுவாக 37ஆவது பிறந்த நாளுக்கு முன் நியமனம் ஆக வேண்டும், 57இல் கட்டாய ஓய்வு. துப்பாக்கி தூக்கிப் பழக குவான்டிகோ பயிற்சி மையம். ஏஜென்ட்டாக இருந்துகொண்டு சைடில் கேஸ் நடத்த முடியாது.

கேள்வி: 'முன்னாள் ஃபெடரல் பிராசிக்யூட்டர்' என்று போர்டு போட்டிருந்தால் நம்பி வழக்கைக் கொடுக்கலாமா?
— வாசகர், டொரோன்டோ

போர்டுக்குப் பின்னால் நாலு கேள்வி கேளுங்கள். எந்த மாவட்டத்தில், எத்தனை வருடம்? குற்றவியல் பிரிவா, அரசு சம்பந்தப்பட்ட உரிமையியல் வழக்குகளைப் பார்க்கும் பிரிவா? (இரண்டிலும் உதவி அட்டர்னி என்றே பெயர்.) உங்கள் வகை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் எத்தனை முறை நின்றிருக்கிறார்? கோர்ட்டுக்கு அவரே வருவாரா, ஜூனியரை அனுப்பிவிட்டு உங்களுக்கு மணிக்கணக்கில் பில் போடுவாரா? கட்டண ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். முன்பணத்தில் மிச்சம் திரும்புமா என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.